செக் என்றால் ராஜா

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீரோவுக்குள் தலையை விட்டு செக் புக் தேடிக்கொண்டிருந்தேன். வாடகை அட்வான்ஸுக்குக் கொடுத்த செக், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்திருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்தை இன்றைக்கும் அதே வளைவு நெளிவோடு போட வேண்டுமாம். ஆளே மாறிவிட்டேன், கையெழுத்து மாறக் கூடாதா?

கூடத்தில் மகள் தாத்தாவோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். "தாத்தா, செக்!" என்று ஒரு கூச்சல். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து இன்னொரு குரல்: "ஏங்க, மோட்டார் ஆஃப் பண்ணிட்டீங்களான்னு கொஞ்சம் செக் பண்ணுங்க."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீ தேடுற செக்கும் நான் வைக்கிற செக்கும் ஒண்ணா?"

"ரெண்டும் வேற வேற கண்ணு. ஸ்பெல்லிங்கே வேற. பேங்க் செக்குக்குக் கடைசியில க்யூ, யூ, ஈ வரும்."

அப்பாக்களுக்கே உரிய தோரணையில் சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள். ராத்திரி படுத்த பிறகு எனக்குத்தான் உறுத்தியது. எழுந்து அகராதியைப் புரட்டினேன்.

நான் சொன்னது தப்பு. அவள் வைத்த செக், நான் தேடிய செக், மோட்டாருக்குப் பண்ணிய செக் எல்லாம் ஒரே வார்த்தை. நான் கட்டியிருந்த கட்டம் போட்ட லுங்கியும் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி. அதைவிட வேடிக்கை, ரஜினி நடித்த 'பாட்ஷா'வும் இவர்களுக்கு நெருங்கிய சொந்தம்.

எல்லாருக்கும் மூத்தவர் ஒரு ராஜா. பாரசீகத்து ராஜா.

பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். ஷாஜகானில் வரும் ஷாவும் இதுதான், பாதுஷா என்பதன் வாலில் ஒட்டியிருக்கும் ஷாவும் இதுதான். பாதுஷாதான் வட இந்தியாவில் பாட்ஷா ஆகி, 1995-இல் ஆட்டோ ஓட்டிக்கொண்டு நம்மூர் தியேட்டருக்கு வந்தார். இந்த ஷாவின் பழைய வடிவம் 'க்ஷாயதிய'. சுமார் 2,500 வருஷத்துக்கு முன்னால் டேரியஸ் மன்னன் பெஹிஸ்துன் மலைப்பாறையில் வெட்டி வைத்த கல்வெட்டில், தன்னை 'அரசர்களின் அரசன்' என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. உச்சரித்துப் பாருங்கள், க்ஷத்திரியன் நினைவுக்கு வரும். வருவது சரிதான். சமஸ்கிருதமும் பழைய பாரசீகமும் அக்கா தங்கை மொழிகள். ஆள்வது என்ற பொருள் தரும் ஒரே வேரிலிருந்து அங்கே க்ஷாயதிய, இங்கே க்ஷத்திரியன்.

சரி, இந்த ராஜா மகளின் செஸ் போர்டுக்கு எப்படி வந்தார்?

ஆட்டம் நம் நாட்டிலிருந்து போனது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படை. அதனால் சதுரங்கம். பாரசீகத்துக்குப் போனபோது பெயர் 'சத்ரங்' என்று சுருங்கியது. ஏழாம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைப் பிடித்தார்கள். நாட்டோடு ஆட்டமும் கைமாறியது. அரபியில் 'ச்ச' ஒலியும் கிடையாது, 'தங்கம்' என்பதில் வரும் 'க' ஒலியும் கிடையாது. ஆகவே சத்ரங், 'ஷத்ரஞ்ஜ்' ஆனது. அரபுகள் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் அது ஸ்பானிய மொழிக்குள் நுழைந்து இன்றைக்கும் 'அஹெத்ரேஸ்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பின்னால் போனால் கடைசியில் நம் சதுரங்கத்தில் வந்து நிற்கும்.

ஆனால் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் வேறு கதை. அவர்கள் ஆட்டத்தின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆடும்போது போட்ட கூச்சலை எடுத்துக்கொண்டார்கள்.

பாரசீகத்தில் ஒரு மரியாதை இருந்தது. எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வரும்படி காய் நகர்த்தினால், வாய்விட்டு எச்சரிக்க வேண்டும். "ஷா!" அவ்வளவுதான். 'உங்க ராஜாவைப் பாருங்க' என்பதன் சுருக்கம். என் மகள் தாத்தாவிடம் கத்தினாளே, அதே கூச்சல். அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் லத்தீன் எழுதுகிறவர்கள் கையில் 'ஸ்காக்குஸ்' ஆனது. ஷாவின் கடைசியில் இருக்கும் மெல்லிய 'ஹ்', கெட்டிப்பட்டு 'க்' ஆகிவிட்டது. அடுத்து பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்கு 'ஸ்க' என்று ஒரு வார்த்தையைத் தொடங்க நாக்கு வளையாது. நம்மூர்ப் பெரியவர்கள் இஸ்கூல், இஸ்டேஷன் என்று முன்னால் ஒரு இகரம் போட்டுக்கொள்வது மாதிரி, அவர்கள் ஒரு எகரம் போட்டுக்கொண்டார்கள். 'எஸ்செக்' ஆனது. ஆங்கிலேயர்கள் அந்தத் தலையை வெட்டிவிட்டு 'செக்' என்று வைத்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு சங்கதி. பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லின் பன்மைதான் ஆங்கிலத்தில் செஸ் ஆனது. ஆக செக் என்றால் ராஜா, செஸ் என்றால் ராஜாக்கள். நாம் படையைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் ராஜாவைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஜெர்மன்காரர்களின் 'ஷாக்'கும் ராஜாதான். ரஷ்யர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஆட்டத்தின் முடிவையே பெயராக வைத்துக்கொண்டார்கள்: 'ஷாக்மதி'. அதாவது ஷா மாத், நம் செக்மேட்.

'ஷா மாத்' என்றால் 'ராஜா செத்தார்' என்று பல புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அரபியில் 'மாத்த' என்றால் செத்தான், அதை வைத்து வந்த விளக்கம். பாரசீகத்தில் 'மாத்' என்றால் கதியில்லாமல், செய்வதறியாமல் நிற்பது. ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்துகிற மாதிரி படும். செஸ்ஸில் ராஜா சாகவே மாட்டார். அவரை யாரும் வெட்டி பெட்டியில் போடுவதில்லை. நகர இடமில்லாமல் நின்ற இடத்திலேயே நிற்பார், ஆட்டம் முடிந்துவிடும். தோற்றவர்கள் பொதுவாக அப்படித்தான் நிற்கிறோம்.

அடுத்து, ஒரு கூச்சல் எப்படி மோட்டாருக்கு வந்தது என்று பார்ப்போம்.

செக் என்று சொன்னதும் எதிராளி என்ன செய்ய வேண்டும்? போட்டிருந்த திட்டமெல்லாம் அப்படியே நிற்கும். முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே திடீரென்று தடுத்து நிறுத்துவது எல்லாமே ஆங்கிலத்தில் செக் ஆனது. பிறகு, தடுத்து அடக்கி வைப்பது. அதிகாரம் ஒரே இடத்தில் குவியாமல் ஒன்றை இன்னொன்று மடக்கி வைக்கிற ஏற்பாட்டை அரசியல் சட்டப் பேச்சில் செக் என்று சொல்வது இந்தப் பொருளில்தான். தடுத்து நிறுத்தினால் அடுத்து என்ன செய்வோம்? பையைத் திற, என்ன இருக்கிறது, பார்க்கலாம். பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் செக் என்பதற்குச் சரிபார்ப்பது என்ற பொருள் வந்து சேர்ந்தது. சரிபார்த்த அடையாளமாகப் போடும் டிக், அமெரிக்காவில் செக் மார்க். அவ்வளவுதான், மோட்டார் வந்துவிட்டது.

தடுப்பதும் சரிபார்ப்பதும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் நம்மூர் செக்போஸ்ட்டுக்குப் போங்கள். கட்டையைக் குறுக்கே போட்டு மறிப்பார்கள், அது பழைய பொருள். டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள், அது புதிய பொருள். சில ஊர்களில் சாவடி போய் வருஷக்கணக்காகியும் பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் செக்போஸ்ட் என்றே பெயர். கண்டக்டரும் "செக்போஸ்ட்லாம் இறங்கு" என்கிறார்.

நம் பத்திரிகைக்காரர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். 'கூட்டணிக் கட்சிக்கு செக் வைத்த தலைவர்' என்று வாரம் ஒரு கட்டுரை வருகிறதே, அதில் செக் அச்சு அசலாக ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அர்த்தத்தில் இருக்கிறது. ராஜாவுக்கு ஆபத்து, நகரப் பார் என்ற அர்த்தம். செக் பண்ணுவது வேறு, செக் வைப்பது வேறு என்று தமிழில் வினையை மாற்றியே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். யாரும் கூடி முடிவு செய்து வந்ததில்லை இது.

இனி பேங்க் செக். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றைக்கும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றுதான் பட்டம். பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியர்' என்றால் சதுரங்கப் பலகை. நடுவில் இருக்கும் எக்ஸ், லத்தீன் படித்தவர்கள் இது 'எக்ஸ்' என்ற முன்னொட்டாக்கும் என்று நினைத்துச் செருகியது. ஆகப் பதவியின் பெயர், சதுரங்கப் பலகை மந்திரி!

அரசாங்க வரவுக் கணக்கைக் கட்டம் போட்ட மேசையில் வைத்துப் பார்க்கும் வழக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்து மன்னன் முதலாம் ஹென்றி காலத்தில் உருவானது. அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து அரசனின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதைப் பற்றி லத்தீனில் ஒரு புத்தகமே எழுதினார். ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்கிற மாதிரியான புத்தகம். அவர் காட்டும் மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது உருண்டு விழாமல் இருக்கச் சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே ஒரு கறுப்புத் துணி. துணியில் சாண் அகலத்துக்கு ஒரு கோடு.

அந்தக் கோடுகளுக்கு நடுவே வில்லைகளை வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு பத்தியில் பென்னி, அடுத்ததில் ஷில்லிங், அடுத்ததில் பவுன், இருபது பவுன், நூறு, ஆயிரம். ரோமன் எண்ணில் கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள், இந்த மேசை எதற்கு என்று புரியும். மாவட்டத்துக்கு மாவட்டம் வரி வசூலிக்கும் ஷெரீஃப், வருஷத்துக்கு இரண்டு முறை இந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். எதிரில் அரசனின் பொருளாளர். இவ்வளவு வர வேண்டும் என்று அந்தப் பக்கம் வில்லைகளை அடுக்குவார்கள், இவ்வளவு கட்டியிருக்கிறேன் என்று இந்தப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இதற்கு ஏன் சதுரங்கப் பெயர் என்று மாணவர் கேட்கிறார். பலகை அப்படி இருக்கிறது என்பது ஆசிரியரின் ஒரு பதில். பொருளாளருக்கும் ஷெரீஃபுக்கும் இதன் மேல் ஒரு போரே நடக்கிறது என்பது இன்னொரு பதில். வருமானவரி நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

பணம் கட்டியதற்கு ரசீது? காகிதம் இல்லை. ஒரு மரக்குச்சி. தொகைக்குத் தகுந்த மாதிரி அதில் வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுனுக்கு முற்றிய பார்லி மணி அளவு. பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்குப் பாதி. பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். வெட்டு வெட்டோடு பொருந்த வேண்டும். கள்ளத்தனம் செய்ய முடியாது. கட்டியவர் கையில் இருக்கும் பெரிய பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர், கஜானாவில் தங்கும் சின்னப் பாதிக்கு 'ஃபாயில்' என்று பெயர். கவுன்டர் ஃபாயிலில் இருக்கிற அதே ஃபாயில்.

இந்தக் குச்சிக் கணக்கு 1826 வரைக்கும் ஓடியது என்றால் நம்புவீர்களா? அதை ஒழித்த பிறகு, குவிந்து கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16-ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தள உலையில் போட்டு எரித்தார்கள். உலை அளவுக்கு மீறிச் சூடாகி, அன்று சாயங்காலமே பிரபுக்கள் சபை, மக்கள் சபை இரண்டும் எரிந்து போயின. இன்றைக்குப் படத்தில் பார்க்கிற, பிக் பென் கோபுரம் உள்ள கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது. பழைய கணக்கை எரிக்கப் போய் வீட்டையே எரித்துக்கொண்டார்கள்.

குச்சி போய்க் காகிதம் வந்தது, வேலை மட்டும் மாறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டில் ஒரு பாதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மறுபாதியைக் கையில் வைத்துக்கொள்வார்கள். கள்ளச் சீட்டு வந்தால் ஒட்டிப் பார்த்துச் சரிபார்க்க. அப்படிச் சரிபார்க்க உதவிய அந்த அடிக்கட்டைக்குத்தான் முதலில் செக் என்று பெயர். பெயர் மெல்ல நகர்ந்து, கிழித்துக் கொடுக்கும் சீட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆரம்பத்தில் எழுத்தும் மகள் செக்குக்கு உள்ள அதே எழுத்துதான். எக்ஸ்செக்கரின் சாயலில் கடைசியில் க்யூ, யூ, ஈ வந்து ஒட்டியது பிற்பாடு, அதுவும் பிரிட்டனில். அமெரிக்காவில் இன்றைக்கும் பேங்க் செக்குக்கும் செஸ் செக்குக்கும் ஒரே ஸ்பெல்லிங். நான் மகளிடம் ஆதாரமாகக் காட்டிய அந்த மூன்று எழுத்து, பிரிட்டிஷ்காரர்கள் பின்னால் போட்டுவிட்ட நகை.

நம்மிடம் பிரிட்டிஷ் எழுத்துதான் வந்தது. 1881-இன் மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும் அதே நகைதான். அந்தச் சட்டத்தில் 138-ஆவது பிரிவு 1988-இல் சேர்த்தது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால், நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால், குற்றம். ஊர்ப் பேச்சில் 'செக் கேஸ்'. நீதிமன்ற வராந்தாவில் ஒரு அரைமணி நேரம் நின்றால் இந்த இரண்டு வார்த்தை காதில் விழாமல் போகாது.

தமிழில் யார் காசோலை என்று பெயர் வைத்தாரோ, அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். காசுக்கு ஓலை. அந்த 'ஃபாயில்' இருக்கிறதே, அதற்கும் மூலப்பொருள் இலைதான். பேங்கில் நாம் "எத்தனை லீஃப் இருக்கு" என்று கேட்பதும் இலைதான். மூன்று மொழி, மூன்று சொல், ஒன்றுக்கொன்று உறவில்லை, ஆனால் மூன்றிலும் ஒரு இலை.

கட்டம் போட்ட துணியை மறந்துவிட்டேனே. சதுரங்கப் பலகை மாதிரி இருப்பதால் செக்ஸ் டிசைன். ராஜா பெயர் பலகைக்கு, பலகை பெயர் துணிக்கு. இதில் நம் பங்கு பெரிசு. பழவேற்காடு, சென்னைப் பக்கத்துத் தறிகளில் நெய்த கட்டத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் 'ப்ளீடிங் மெட்ராஸ்' சட்டைக்கு அலைந்தார்கள். துவைக்கத் துவைக்கச் சாயம் போகும், அதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்து விற்றார்கள்! நம் வீட்டில் சாயம் போனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள் அல்லவா? அன்றைக்கு அந்தப் பாலத்துக்கும் என் லுங்கிக்கும் ஒரே டிசைன்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆர்வக்கோளாறில் நண்பர்கள் குழுவில் போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் ஒருவர் வந்துவிட்டார்: "சார், இதெல்லாம் எதுக்கு சுத்துறீங்க? செக் என்பது நம்ம செக்குதான். எண்ணெய் ஆட்டும் செக்கு. அளந்து கொடுப்பாங்கல்ல, அதான் செக்." கீழே பதினாறு கைதட்டல்.

அவர் நல்ல மனிதர், மொழிப்பற்றும் எனக்குப் புரிகிறது. ஆனால் காதுக்கு ஒத்துப்போவதெல்லாம் உறவில்லை. தமிழில் எழுதினால் செக் குடியரசும் இதே செக்தான். அது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், இந்தக் கதையில் அதற்கு இடமே இல்லை. ஒரே மாதிரி கேட்கும் செக், செக்கு, செக் குடியரசு மூன்றும் யாரோ எவரோ. கொஞ்சமும் ஒத்துக் கேட்காத செக்கும் பாட்ஷாவும் க்ஷத்திரியனும் ஒரே ரத்தம். ஒரு சொல் எந்த ஊரில், எந்த நூற்றாண்டில், யார் வாயில் எப்படி மாறியது என்று படிப்படியாகக் காட்ட முடிந்தால்தான் உறவு. பேங்கில் கையெழுத்துப் பார்ப்பது மாதிரிதான். ஏறக்குறைய இருக்கிறது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று நான் சொன்னது தப்பு என்பதையும் சேர்த்து. அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உன் செக் திரும்பி வந்துச்சுல்ல, ராஜாவைத் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்றாள். "ராஜா கையெழுத்து சரியில்லையாம்மா" என்றார் பேப்பரிலிருந்து தலை நிமிராமல் தாத்தா.

பிள்ளைகள் இப்படி ஏதாவது கேட்டால், என்னை மாதிரி உடனே ஒரு பதிலைச் சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், ராத்திரி நிஜமாகவே பாருங்கள். பார்த்துச் சொல்வதற்கும் செக் என்றுதான் பெயர்.